சிறு குடும்பத் தோட்டத்து ஷாப்லி: அந்த 16 யூரோ எங்கே போகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேலை மாற்றலாகிப் பாரிஸ் வந்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் வீட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறார். எடுத்துப்போக ஒரு நல்ல வெள்ளை ஒயின் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், இரண்டு ஷாப்லி பாட்டில்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று கூட்டுறவுச் சங்கத்துடையது, 12 யூரோ. இன்னொன்று 28 யூரோ. “இது சின்னக் குடும்பத் தோட்டம், மூன்று தலைமுறையாக அவர்களே செய்கிறார்கள்” என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரே ஊர், ஒரே ஷார்டொனே திராட்சை, ஒரே ஆண்டு. அப்படியிருக்க, குடும்பத் தோட்டம் என்றால் தரம் உண்மையிலேயே கூடுமா, இல்லை இது விற்பனைப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒயின் அதிகம் குடித்துப் பழகாதவர் என்பதால் உங்கள் நாக்கை நீங்களே நம்பத் தயங்குகிறீர்கள் என்பதும் தெரிகிறது. ஆக, ருசி பார்க்காமலேயே, லேபிளையும் கடைக்காரர் சொல்லையும் வைத்து எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் பாரிஸில் பல ஆண்டுகளாக ஒயின் விற்பனையில் இருப்பவன். ஷாப்லியில் அறுவடை வேலையும் செய்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

குடும்பம் என்பது தரத்துக்குச் சான்று இல்லை. மோசமான ஒயின் செய்யும் குடும்பங்களும் உண்டு, அருமையாகச் செய்யும் பெரிய நிறுவனங்களும் உண்டு. ஆனால் ஒரு ஒயினின் தரத்தை முடிவு செய்கிற மூன்று விஷயங்கள் இருக்கின்றன: கொடி எந்தச் சரிவில் நிற்கிறது, ஒரு கொடியிடம் எவ்வளவு பழம் கேட்கிறார்கள், பறித்த பிறகு எவ்வளவு காலம் பொறுத்திருக்கிறார்கள். சிறிய தோட்டத்தில் இந்த மூன்றையும் ஒரே ஆள் முடிவு செய்வார். அவரிடம் நேரில் கேட்கவும் முடியும். சிறியதாக இருப்பதன் மதிப்பு எனக்குத் தெரிந்தவரை அதில்தான் இருக்கிறது.

சரி, இடத்திலிருந்து ஆரம்பிப்போம். ஷாப்லி நிர்வாகக் கணக்கில் பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயின் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் பர்கண்டியின் மற்ற புகழ்பெற்ற தோட்டங்களெல்லாம் போன் நகரத்தைச் சுற்றி வெகு தெற்கே இருக்கின்றன. ஷாப்லி பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டரில், ஓசேர் நகரத்துக்குப் பக்கத்தில், யோன் மாவட்டத்தில் தனியாக இருக்கிறது. போன் நகரத்தைவிட ஷாம்பேன் பகுதிதான் அதற்கு அருகில். அதனால் குளிர் அதிகம், பழத்தில் புளிப்பு தூக்கலாக நிற்கும். ஸெரான் என்ற சிறிய ஆறு ஊருக்குள் ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் எழும் குன்றுச் சரிவுகளில்தான் கொடிகள். 1114இல் பக்கத்திலிருக்கும் பொந்தினியில் மடம் அமைத்த சிஸ்டெர்சியத் துறவிகளுக்கு இந்தச் சரிவுகளின் திராட்சை வளர்ப்பில் பெரும் பங்கு உண்டு.

மண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. சரிவுகளின் நடுப்பகுதி கிம்மெரிஜியன் என்ற அடுக்கு: சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் மாறி மாறி வரும், சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையான கடலடி மண். காற்புள்ளி மாதிரி வளைந்த குட்டிச் சிப்பிகளின் படிமங்கள் அதில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். கொடி வரிசைக்குள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாலே கண்ணில் படும். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சுண்ணாம்பு மிகுதியை வடித்துவிடும், கொடி தாகத்தாலும் சாகாது, வெள்ளத்திலும் நிற்காது. குன்றின் உச்சியில் இருப்பது அதைவிடக் கடினமான போர்ட்லாண்டியன் சுண்ணாம்புக்கல். அங்கே காற்றும் அதிகம், பழம் முழுதாகக் கனிவதும் கடினம்.

சட்டம் வகுத்த நான்கு தரவரிசைகளும் பெரும்பாலும் இந்த நிலவியலைத்தான் பின்பற்றுகின்றன. உச்சி நிலங்களில் விளைவது பெத்தி ஷாப்லி. தரத்தில் அதற்கு மேல் ஷாப்லி, அதற்கும் மேல் பிரமியே க்ரூ, எல்லாவற்றுக்கும் மேலே கிரான் க்ரூ. கிரான் க்ரூ என்பது ஊருக்கு எதிரே, ஆற்றின் வலக்கரையில், தெற்கும் தென்மேற்கும் பார்த்த ஒரே ஒரு குன்று. சுமார் 100 ஹெக்டேர். அதற்குள் ப்ளான்ஷோ, பூக்ரோ, லெ க்ளோ, கிரெனூய், ப்ரேஸ், வால்முர், வோடெசிர் என்று ஏழு பிரிவுகள். மொத்த ஷாப்லிப் பகுதியோ இன்று 5500 ஹெக்டேருக்கு மேல். எனவே ஷாப்லி என்று எழுதிய ஐம்பது பாட்டிலை அடுக்கினால் அதில் கிரான் க்ரூ ஒன்று இருக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு இதில் உடனே உதவுவது ஒன்று: உங்கள் இரண்டு பாட்டிலிலும் வெறும் ‘ஷாப்லி’ என்று மட்டும் இருக்கிறதா, இல்லை 28 யூரோ பாட்டிலில் பிரமியே க்ரூ என்றும் ஒரு சரிவின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை வித்தியாசத்தில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். அது குடும்பத்துக்கான விலை அல்ல, நிலத்துக்கான விலை.

இந்த 5500 ஹெக்டேர் எப்போதும் இருந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் யோன் மாவட்டம் முழுக்கச் சுமார் 40,000 ஹெக்டேரில் கொடிகள் இருந்தன. பாரிஸின் தாகத்தைத் தீர்த்தது இந்த மாவட்டம்தான். பிறகு ரயில் பாதை வந்து தெற்கத்தி மலிவு ஒயின் பாரிஸில் இறங்கியது. பூஞ்சை நோய் வந்தது. ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பேன் வந்து கொடிகளை அழித்தது. இரண்டு உலகப் போர்கள் ஆட்களை எடுத்துக்கொண்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாப்லியில் மிஞ்சியது ஏறக்குறைய 500 ஹெக்டேர்தான். இன்று ‘மூன்று தலைமுறை’ என்று சொல்லும் குடும்பங்களில் பலவற்றின் தாத்தாக்கள் அந்த 500 ஹெக்டேர் காலத்தவர்கள். கோதுமையும் மாடும் வைத்துப் பிழைத்துக்கொண்டே, விற்காத கொடியை விடாமல் வைத்திருந்தவர்கள். கடைக்காரர் சொல்லும் தலைமுறைக் கணக்கை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் இந்தக் காலம்தான்.

அவர்களை அதிகம் வாட்டியது உறைபனி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் 16 யூரோவில் ஒரு பகுதி இங்கேதான் செலவாகிறது. கொடி மார்ச் இறுதி, ஏப்ரலில் துளிர்க்கும். தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி ஆற்றோரம் தேங்கும். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகை இறங்கினாலே இளந்துளிர் கருகிவிடும். 1957இல் ஷாப்லியின் விளைச்சல் ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. 2016இல் பலத்த அடி. 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் மீண்டும். 2024இல் போதாக்குறைக்கு மே முதல் நாளே ஆலங்கட்டி. குளிர்காலம் மிதமாகிக்கொண்டே வருவதால் கொடி முன்பைவிடச் சீக்கிரம் துளிர்க்கிறது. பனி மட்டும் பழைய காலத்திலேயே வருகிறது. வெப்பமான ஆண்டுகள் கூடக்கூடப் பனி இழப்பும் கூடுகிற விந்தை இப்படித்தான் நடக்கிறது.

பனியைத் தடுக்க அவர்களிடம் இரண்டு முக்கியமான வழிகள். ஒன்று, கொடிகளின் மேல் விடிய விடியத் தண்ணீர் தெளிப்பது. கேட்கக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்வரை பனிக்கட்டி உறைக்குள் இருக்கும் மொட்டு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. வெயில் வந்து கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் பம்ப் நின்றால் ஒன்றுமே செய்யாமல் இருந்ததைவிட மோசம். பெய்ன் என்ற பக்கத்து ஊரில் இந்தத் தெளிப்புக்காகவே ஒரு ஏரி வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வழி, வாளி அளவுள்ள பாரஃபின் மெழுகு விளக்குகள். ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு நானூறு வைத்து, நள்ளிரவுக்குப் பின் ஓடி ஓடி ஏற்ற வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு ஓர் இரவு என்றால் ஆயிரக்கணக்கான யூரோ, அப்படி நான்கு இரவு தொடர்ந்து வரலாம். பெரிய நிறுவனம் இந்த இழப்பை மற்றப் பகுதிகளில் வாங்கும் பழத்தைக் கொண்டு சரிக்கட்டும். பத்து ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பத்து ஹெக்டேர்தான் எல்லாம். நல்ல ஆண்டின் மிகுதியில் ஓரளவைச் சேமித்து வைத்து, பனி அடித்த ஆண்டின் குறையை நிரப்பச் சட்டம் இப்போது இடம் தருகிறது. அந்த ஏற்பாடு முதலில் சோதிக்கப்பட்டதே ஷாப்லியில்தான். ஆனாலும் சேமிக்க மிகுதி இருந்தால்தானே.

இனி விளைச்சல் கணக்கு. சாதாரண ஷாப்லிக்குச் சட்டம் அனுமதிக்கும் அடிப்படை உச்சவரம்பு ஒரு ஹெக்டேருக்கு 60 ஹெக்டோலிட்டர், அதாவது 6000 லிட்டர், அதாவது 8000 பாட்டில். கிரான் க்ரூவுக்கு 54. இந்த வரம்பு வரைக்கும் போவது குற்றமில்லை. ஆனால் ஒரு கொடியின் இலைகள் சேர்த்துத் தரும் சர்க்கரையும் மணப்பொருளும் ஓர் அளவுக்கு உட்பட்டவை. பழம் அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறையும். கவனமான குடும்பங்கள் குளிர்காலக் கவாத்திலேயே மொட்டுகளைக் குறைத்து, மே மாதம் மிகுதித் துளிர்களைக் கையால் ஒடித்து, 45 அல்லது 40க்கு இறக்கிக்கொள்வார்கள். 40 என்றால் ஹெக்டேருக்குச் சுமார் 5300 பாட்டில். கவாத்துக் கூலி அதேதான், டிராக்டர் அதேதான், மெழுகு விளக்கும் அதேதான். அந்தச் செலவையெல்லாம் 8000த்துக்குப் பதில் 5300ஆல் வகுக்க வேண்டும். அப்புறம் அறுவடை. ஷாப்லியில் பெரும்பகுதி இயந்திரத்தால்தான் பறிக்கப்படுகிறது. அதைச் சட்டம் அனுமதிக்கிறது, நல்ல இயந்திரம் நல்ல ஆண்டில் மோசமாகவும் செய்யாது. கையால் பறிக்கும் குடும்பம் பத்து நாளுக்கு ஒரு கூட்டம் ஆட்களை அழைத்து, கூலி கொடுத்து, பல இடங்களில் சாப்பாடும் போட வேண்டும். அழுகல் கலந்த ஆண்டுகளில் கைப்பறிப்பு காட்டும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெளிந்த, வறண்ட ஆண்டில் அந்த வித்தியாசம் நாக்கில் தெரியுமா என்பதில் எனக்கே அவ்வளவு உறுதியில்லை.

கடை விலையைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். 28 யூரோவில் 20 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரியைக் கழித்தால் 23 யூரோ சொச்சம். கடைக்காரர் தன் வாடகைக்கும் பிழைப்புக்கும் பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்கு எடுப்பார். தோட்டத்துக்குப் போவது 15 யூரோவை ஒட்டி இருக்கும். அதில் பாட்டில், தக்கை, லேபிள், கடன் வட்டி, நிலக் குத்தகை எல்லாம் போக வேண்டும். 12 யூரோ பாட்டிலில் வரி போக மிச்சம் சரியாக 10. அது பெருமளவில் விற்பதால் கடையின் பங்கும் குறைவாக இருக்கலாம். ஆகவே 28 யூரோ என்பது யாரையும் ஏமாற்றும் விலை அல்ல. சிறிய அளவில் கவனமாகச் செய்தால் ஏறக்குறைய அவ்வளவு ஆகத்தான் செய்யும். ஆனால் கவனமில்லாமல் செய்துவிட்டு அதே விலை போடவும் எவராலும் முடியும். அதனால்தான் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

லேபிளில் நம்பத்தக்கவை சில உண்டு. ‘டொமேன்’ என்ற சொல்லைச் சட்டப்படி சொந்தமாகவோ குத்தகையாகவோ தாங்களே பயிரிடும் நிலத்துப் பழத்தில், அந்தத் தோட்டத்திலேயே செய்த ஒயினுக்குத்தான் போடலாம். வெளியே வாங்கிய பழத்துக்குப் போட முடியாது. ‘மீ ஆன் பூத்தெய் ஓ டொமேன்’ என்றிருந்தால் அங்கேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். ‘அ லா ப்ரொப்ரியேத்தே’ என்றிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், கூட்டுறவுச் சங்கங்களும் அந்த வாசகத்தைப் பயன்படுத்தலாம். தோளில் பீப்பாய் சுமந்த மனிதர் முத்திரை இருந்தால் அது ‘விஞெரோன் அந்தெபாந்தான்’ கூட்டமைப்பின் உறுப்பினர். தன் கொடியை வளர்த்து, தன் ஒயினைச் செய்து, தானே விற்பவர் என்று அதற்குப் பொருள். இவையெல்லாம் யார் செய்தது என்பதைச் சொல்லும், எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லாது. ‘வியெய் வீஞ்’, அதாவது முதிய கொடிகள் என்ற வாசகத்துக்குச் சட்ட வரையறையே கிடையாது. எத்தனை வயது என்று கேட்டுப் பதில் வந்தால் மதிப்பு உண்டு. ‘கிரான் வான் த பூர்கோன்’ என்ற அலங்கார வாசகத்துக்கு அதுவும் இல்லை. இன்னொன்று: டொமேன் என்றாலே குடும்பம் என்று நினைக்க வேண்டாம். ஷாப்லியின் பெரிய டொமேன்களில் ஒன்றான வில்லியம் ஃபெவ்ர் ஒரு காலத்தில் குடும்பத்துடையது. 1998இல் ஷாம்பேன் நிறுவனமான ஆன்ரியோ அதை வாங்கியது, அண்மையில் அது மறுபடியும் கைமாறியது. ஒயின் நன்றாகவே இருக்கிறது, அது வேறு விஷயம்.

பெயர்களிலும் கவனம் தேவை. பிரெஞ்சு சட்டத்தில் 1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத் தொகுப்பு முதல் பிள்ளைகளுக்குச் சமமாகப் பாகப்பிரிவினை. ஒரு தாத்தாவின் எட்டு ஹெக்டேர், மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு ஏழெட்டுச் சரிவுகளில் சிதறிய துண்டுகளாகிவிடும். கல்யாணத்தில் சில துண்டுகள் வந்து சேரும். ஷாப்லியின் மிகப் புகழ்பெற்ற இரண்டு சிறு தோட்டங்களான ராவனோவும் டோவிசாவும் இப்படிச் சம்பந்திக் குடும்பங்கள்தான். ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயரில் நான்கைந்து டொமேன்கள் இருக்கும், தரமோ மலைக்கும் மடுவுக்கும். எனவே குடும்பப் பெயரோடு முதல் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாறாக, வின்சென்ட் டோவிசாவின் ஒயின் ‘டோவிசா-காமு’ என்ற இன்னொரு லேபிளிலும் வரும், உள்ளே இருப்பது அதே ஒயின். இந்த இரண்டு வீடுகளும் வைத்திருப்பது பத்து, பன்னிரண்டு ஹெக்டேர் அளவுதான். உலகமெல்லாம் அவற்றைத் தேடுவதால் பாட்டில் நூற்றுக்கணக்கான யூரோவுக்குக் கைமாறுகிறது. தோட்டத்திலிருந்து அந்த விலைக்கு அது புறப்படுவதில்லை. நடுவில் வாங்கி விற்பவர்களின் கணக்கு அது.

கூட்டுறவுப் பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். லா ஷாப்லிசியென் 1923இல் தொடங்கிய சங்கம். ஷாப்லியின் மொத்த விளைச்சலில் சுமார் கால்பங்கு அதன் வழியாக வருகிறது. அதற்குப் பழம் வளர்ப்பவர்களும் குடும்பங்கள்தான், நூற்றுக்கணக்கில். நிலவறையும் பாட்டில் இயந்திரமும் வாங்கப் பணமில்லாத குடும்பங்களை அந்த மோசமான காலத்தில் நிலத்திலேயே நிற்க வைத்தது அந்தச் சங்கம். கிரெனூய் என்ற கிரான் க்ரூவின் பெரும்பகுதியே இன்று அதன் கையில் இருக்கிறது, அங்கிருந்து வரும் ஷத்தோ கிரெனூய் எந்த மேசையிலும் வைக்கத் தகுந்த ஒயின். எனவே 12 யூரோ பாட்டில் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். பல சரிவுகளின் சாற்றைக் கலந்து, ஆண்டுதோறும் ஒரே மாதிரி, பிழையில்லாமல் செய்திருப்பார்கள். அதில் கிடைக்காதது ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட இடத்தின் தனிக்குணம். அந்தக் குணத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே 28 யூரோ தகுமா தகாதா என்பது.

இங்கே சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறோம். கடைக்காரர் கட்டாயம் ‘கனிமச் சுவை’ என்றோ ‘சிப்பியின் உப்பு’ என்றோ சொல்லியிருப்பார். ஷாப்லியில் ஈரக்கல், கடற்காற்று, தீக்கல் போல ஏதோ ஒன்று மணப்பது உண்மை, நானும் அதை விரும்பியே குடிக்கிறேன். ஆனால் அந்தக் குட்டிச் சிப்பிப் படிமங்கள் வேர் வழியாக ஏறிக் கோப்பைக்கு வருகின்றன என்பது உண்மையில்லை. மண்ணிலிருந்து கொடி எடுத்துக்கொள்ளும் தாதுக்கள் ஒயினில் நாக்கு உணர முடியாத அளவில்தான் இருக்கின்றன, பாறைக்கு மணமும் கிடையாது. அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியல் பேராசிரியர் இதைப் பல ஆண்டுகளாக விளக்கி எழுதி வருகிறார். மண் தண்ணீரையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தி மறைமுகமாக வேலை செய்கிறது என்பது உறுதி. அந்தக் குறிப்பிட்ட சுவை எதனால் என்பதற்குத் தூக்கலான புளிப்பு, நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் என்று பல விளக்கங்கள் இருக்கின்றன, முடிவு எட்டப்படவில்லை. கிம்மெரிஜியன் மண்தான் எல்லாமா என்பதில் ஷாப்லிக்காரர்களே 1970களில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள். விரிவாக்கம் கேட்டவர்கள் சரிவின் திசையும் வெயிலும்தான் முக்கியம் என்றார்கள், பழமைக்காரர்கள் மண் என்றார்கள். பரப்பு விரிந்தது, வாதம் ஓயவில்லை.

ஓக் பீப்பாய் விஷயத்திலும் சரி தவறு என்று ஒன்றும் இல்லை. லூயி மிஷெல் குடும்பம் எஃகுத் தொட்டியிலேயே எல்லாவற்றையும் செய்கிறது, கிரான் க்ரூ வரைக்கும். ராவனோவும் டோவிசாவும் பழைய பீப்பாய்களில் வளர்க்கிறார்கள், அவற்றில் ஃபெயெத் என்ற 132 லிட்டர் உள்ளூர்ச் சிறு பீப்பாயும் உண்டு. பழைய பீப்பாய் மர மணம் தராது, மெல்லக் காற்றை மட்டும் விடும். புதுப் பீப்பாயின் வனிலா மணம் தூக்கலாக அடித்தால் எனக்குப் பிடிக்காது. இது என் ருசி, விதி இல்லை. விதி என்று சொல்லத்தக்கது காலம்தான். அறுவடை முடிந்த அடுத்த வசந்தத்திலேயே அவசரமாகப் பாட்டிலில் அடைத்ததைவிட, நொதி வண்டலின் மேல் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ கிடந்த ஷாப்லி வாயில் நிறைவாக நிற்கும். கடைக்காரரிடம் ‘எத்தனை மாதம் கிடந்தது, தொட்டியா பீப்பாயா, கையால் பறித்ததா’ என்று கேளுங்கள். தோட்டத்தை உண்மையில் அறிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். தெரியாதவர் மறுபடியும் குடும்பக் கதைக்கே திரும்புவார்.

இரசாயனமில்லாத விவசாயமா என்று பலர் கேட்பார்கள். குடும்பத் தோட்டம் என்றால் இயற்கை வேளாண்மை என்று அர்த்தமில்லை. ஈரமும் குளிரும் உள்ள ஊரில் பூஞ்சையைச் செம்பும் கந்தகமும் மட்டும் கொண்டு சமாளிப்பது கடினமான காரியம். மழை கொட்டிய 2021, 2024 மாதிரி ஆண்டுகளில் அதைச் செய்தவர்கள் பெரிய விலை கொடுத்தார்கள். வேண்டுமானால் இலை வடிவ ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், சொல்லை நம்பிப் போகாதீர்கள்.

எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதற்கு அனுபவக் கணக்கு: சாதாரண ஷாப்லி மூன்று நான்கு ஆண்டுக்குள், பிரமியே க்ரூ ஐந்து முதல் பத்து, கிரான் க்ரூ பத்துக்கு மேல். ஆனால் 1990களின் நடுப்பகுதி ஆண்டுகளிலிருந்து பர்கண்டி வெள்ளை ஒயின்களில் சில பாட்டில்கள் காலத்துக்கு முன்பே பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி ஆகிவிடுகின்றன. தக்கை, கந்தகக் குறைவு, பிழியும் முறை என்று எல்லாவற்றின் மேலும் பழி விழுந்திருக்கிறது. சிலர் அதற்காகவே தூள் தக்கையை அழுத்திச் செய்த டியாம் அடைப்புக்கு மாறினார்கள். ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் கெட்டும் பக்கத்துப் பாட்டில் நன்றாகவும் இருக்கும், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அடியில் சர்க்கரைத் துகள் மாதிரி படிகங்கள் இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது குளிரில் பிரிந்த டார்டாரிக் அமில உப்பு, கெடுதல் ஒன்றுமில்லை.

நீங்கள் பார்த்த பாட்டிலை நான் ருசித்ததில்லை, பெயரையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் ‘இதுதான்’ என்று கை நீட்ட முடியாது. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். 28 யூரோ பாட்டில் பிரமியே க்ரூ என்றால், மோந்தே த டொன்னேர், ஃபூர்ஷோம், வையோன், மோன்மேன் மாதிரி ஒரு சரிவின் பெயர் இருந்தால், டொமேன் என்றும் அங்கேயே அடைத்ததென்றும் இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். அந்த விலைக்கு அது நியாயமானது. வெறும் ஷாப்லி என்றால் நான் மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். அன்றாடம் வீட்டில் ஒரு கோப்பை குடிக்கத்தான் என்றால் 12 யூரோ பாட்டில் தாராளமாகப் போதும். அவசரமில்லாத இன்னொரு சமயம், நவம்பர் கடைசியில் பாரிஸ் போர்த் த வெர்சாயில் சுதந்திரத் தோட்டக்காரர்கள் நடத்தும் ஒயின் சந்தைக்குப் போங்கள். கொடியை வளர்த்தவரே எதிரில் நின்று ஊற்றிக் கொடுப்பார். ஷாப்லிக்காரர்கள் நாலைந்து பேரிடம் அடுத்தடுத்துக் கொஞ்சம் ருசித்துத் துப்பிப் பாருங்கள், துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. ஒரு மத்தியானத்தில் உங்கள் நாக்கின் மேல் உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

விருந்துக்குப் போகும்போது பாட்டிலை முன்கூட்டியே குளிர வைக்க வேண்டியதில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு பாகையில் பரிமாறுவது நல்லது, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் மணமே தெரியாது. அன்றைக்கு அவர்கள் அதைத் திறக்காமல் எடுத்து வைத்துவிட்டால் மனம் வாடாதீர்கள். சாப்பாட்டுக்கு ஏற்ற ஒயினை முன்பே தேர்ந்து வைத்திருப்பது இங்கே வழக்கம், பரிசாக வந்ததைத் திறக்காதது அவமதிப்பு இல்லை. பிரமியே க்ரூவாக இருந்தால் அவர்கள் நிலவறையில் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கிடப்பது அதற்கும் நல்லதுதான். லேபிளில் உள்ள முழுப் பெயரையும் ஆண்டையும் எழுதினால், அந்தத் தோட்டம் எனக்குத் தெரிந்ததாக இருக்கும்பட்சத்தில் கூடுதலாகச் சொல்கிறேன்.